வழுக்கையில் எழுதிய மணி

செய்தி வாசிப்பாளரின் வழுக்கைத் தலையில் '10.20' என்று கன்னங்கரேலென எழுதியிருந்தது. மூன்று நாளாகச் சோப்பு, எண்ணெய், மனைவியின் நகப்பூச்சை அழிக்கும் திரவம் என எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தாயிற்று. எழுத்து அசையவில்லை, தோல்தான் சிவந்தது.

"விடுங்களேன். பக்கவாதம் வந்த மனுஷன் சொந்தக் கால்ல நடந்து வீட்டுக்கு வந்திருக்கீங்க. அதை நினைங்க" என்றாள் மனைவி.

"உயிர் வந்துச்சு. மானம் போச்சே! எனக்கு வலுக்கைன்னு ஊருக்கே..."

"வழுக்கை."

"அதைத்தான் சொல்றேன்!"

குரல் திரும்பிவிட்டது. 'ழ' மட்டும் இன்னும் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பதினெட்டு ஆண்டுகளாக மாலைச் செய்தியில் ஊரே பார்த்து வியந்த அலை அலையான முடி, விக். அதை அறிந்தவர்கள் அவர், மனைவி, சலூன்காரர் ஆகிய மூவரே. மாதம் ஒருமுறை சலூனில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, காதோரம் எஞ்சிய நரைக்கு விக்கின் நிறத்தில் சாயமேற்றிக்கொள்வார்.

நான்கு வருடமாக நான்காவது ஆள் ஒருவனும் சேர்ந்திருந்தான். மூலையில் உட்கார்ந்து, ஏதோ பெரிய மனிதன்போல ஒற்றைக் கையாலேயே துண்டு மடிப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆனால் இவர் விக்கைக் கழற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வாயை ஒரு பக்கமாகக் கோணி இளித்துக்கொண்டிருப்பான்.

சம்பவத்தன்று சாயம் முடிந்து, விக்கை மாட்டி, வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்து "வணக்கம்" சொன்னார். சொல் பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கம் சரிந்தது.

"சார், ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார் சலூன்காரர்.

ஒரு கைதான் எழுந்தது. அடுத்த நொடி ஃபோன். ஆறாவது நிமிடம் ஆம்புலன்ஸ். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருவில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான், நாற்பது பேர் செல்ஃபோனை உயர்த்திப் பிடித்து நிற்க, சலூன்காரர் விக்கை விருட்டென்று உருவிச் சாயப் பிரஷ்ஷால் தலையில் எழுதினார். கடைசிப் பூஜ்யம் வடிவாக வரவில்லையென்று திருத்தி வேறு எழுதினார். பேச்சு வராமல் இவர் "ஆ... ஆ..." என்றது வலியால் அல்ல.

ஆஸ்பத்திரியிலும் அதே கூத்து. வந்தவர்கள் எல்லோரும் முதலில் இவர் தலையைப் பார்த்தார்கள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு ஓடினார்கள். வெளியே போய்ச் சிரிக்கத்தான் ஓடுகிறார்கள் என்று இவர் எண்ணிக்கொண்டார்.

மூன்று நாள் தேய்த்து ஓய்ந்தபின், தலையில் தொப்பியும் சட்டைப் பையில் வக்கீல் நோட்டீஸுமாகச் சலூனுக்குள் நுழைந்தார்.

"என்னய்யா, என் தலை உனக்கு விலைப்பட்டியல் மாட்டற பலகையா?"

"உக்காருங்க சார். பேச்சு நல்லா வந்துடுச்சே!"

"பேச்சை மாத்தாதே! ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே, கும்பிடறேன். விக்கை ஏன்யா உருவினே?"

"அங்கதான் சார் இடம் காலியா இருந்துச்சு."

மூலையில் துண்டு மடிப்பவன் அதே கோணல் வாயோடு நிமிர்ந்து பார்த்தான். இவருக்கு ரத்தம் கொதித்தது.

"ஏன், கையில எழுதறதுக்கென்ன?"

"சட்டை மறைச்சிடும் சார்."

"ஒரு சீட்டு?"

"பறந்துடும்."

"வாயால சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

சலூன்காரர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"சொன்னா மாறிடும் சார். முன்னாடி ஒருத்தருக்கு இப்படித்தான் காலையில எட்டரைக்கு வந்துச்சு. கண்ணால பார்த்தவன் நான். ஆம்புலன்ஸ்காரர்கிட்ட எட்டரைன்னு அடிச்சுச் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி வாசல்ல 'காலையிலேருந்து'ன்னு சொன்னாராம். வாசல்ல இருந்தவர் உள்ள போய் 'எழுந்திரிக்கும்போதே'ன்னு சொன்னாராம். டாக்டர்கிட்ட போறப்ப, 'ராத்திரி படுக்கப் போனப்ப நல்லாத்தான் இருந்தாராம்'னு ஆயிடுச்சு. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்ப வந்துச்சுன்னு தெரியாம அதைப் போட மாட்டாங்க."

"போடலையா?"

"போடலை. அதான் உங்களுக்கு வந்த நேரத்தை அழியாத சாயத்துல எழுதினேன். தப்புன்னா மன்னிச்சிடுங்க."

தலையைப் பார்த்தவர்கள், கடிகாரத்தைப் பார்த்தவர்கள், ஓடியவர்கள் எல்லோரும் வரிசையாக இவர் கண்முன் வந்துபோனார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரித்திருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

சட்டைப் பைக்கு வெளியே எட்டிப் பார்த்த நோட்டீஸை விரலால் உள்ளே அழுத்தினார். வந்த கோபத்தை முழுதாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் மனமில்லை. மூலையைக் காட்டினார்.

"சரி, நீ செஞ்சது நியாயம்தான். ஆனா அந்த ஆள் மட்டும் ஏன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அப்படி இளிக்கிறான்?"

"அது சிரிப்பு இல்ல சார். அவர் என் அண்ணன். அந்த எட்டரை மணிக்குக் கோணின வாய்."