மோதிரச் சத்தம்

“இது ரெண்டு பேரோட கை இல்லை, எர்சிலியா. ஜெபம் பண்றவ கை மாதிரி கேக்குது” என்றார் இயக்குநர் அல்தேமாரோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

எர்சிலியா மைக் முன்னால் கோத்து வைத்திருந்த தன் இரண்டு கைகளையும் பிரித்தாள்.

திரையில் ஓர் ஆணும் பெண்ணும். பதினோரு நிமிடப் படம், ஒரு கட்டில், வசனம் என்று ஒரு வார்த்தை கிடையாது. எண்பத்து நான்கு வயதில் அல்தேமாரோ எடுத்திருந்த அதைப் பத்திரிகைகள் கலைப்படம் என்றன. ஸ்டுடியோவுக்குக் கீழே காப்பிக் கடையில் நிற்பவர்கள் வேறு பெயர் சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குச் சத்தம் எல்லாம் எர்சிலியாதான். படுக்கை விரிப்பின் சரசரப்பு, தரையில் வெறுங்கால், முத்தம். நாற்பது வருடமாக அவர் படங்களில் யார் யாரை முத்தமிட்டாலும் கேட்பது அவள் தன் புறங்கையில் வைத்த முத்தம்தான். ரோம் நகரமே அதைக் கேட்டிருக்கிறது. அவளை முத்தமிடத்தான் யாரும் வரவில்லை. அவள் ஆசைப்பட்ட ஒரே ஆள் அத்தனை வருடமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

இன்று பாக்கி ஒரே ஒரு சத்தம். அந்த இருவரின் விரல்கள் முதன்முதலாகக் கோத்துக்கொள்வது.

“அப்ப இன்னொரு கை வேணும், மேஸ்ட்ரோ.”

ஒலிப்பதிவாளன் ஃபவுஸ்தோ எழுந்திருக்கப் போனான். அவர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானே உள்ளே வந்தார். வலது கை நடுங்கும் என்பதால் இடது கையை நீட்டினார்.

அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னக் கை. சில்லென்றிருந்தது.

“கோட்டு உரசுது. கழட்டிடுங்க.”

கழற்றினார். மறுபடி கோத்தார்கள்.

“வாட்ச் சத்தம் விழுது.”

“ஒவ்வொண்ணா கழட்ட வைக்கிறியே! படத்துல அந்தப் பொண்ணுகூட இவ்வளவு அவசரப்படுத்தலை” என்று சிரித்தபடி வாட்சைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அவளும் சிரித்தாள். காது மடல் சூடேறியது. அறுபத்தெட்டு வயதில் இது என்ன வெட்கம் என்று தன் மீதே கோபம் வந்தது.

மூன்றாவது முறை அவர் கையில் வெதுவெதுப்பு வந்திருந்தது. கோத்த விரல்களை அவர் உடனே எடுக்கவில்லை. திரையில் காட்சி முடிந்து கறுப்பானது. அப்போதும் எடுக்கவில்லை.

கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இதை விட்டால் அவருக்கு இன்னொரு படம் இல்லை.

“மோதிரம் இடிக்கிற சத்தம் விழுது, மேஸ்ட்ரோ.”

அவர் குனிந்து பார்த்தார். மனைவி லிதியா இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மோதிரம் மட்டும் இடம் மாறவில்லை. கட்டைவிரலால் அதை ஒரு சுற்றுச் சுற்றினார். கழற்றப் போகிறார் என்றுதான் எர்சிலியா நினைத்தாள்.

“அது இருக்கட்டும்மா. நீயே ரெண்டு கையையும் வெச்சுப் பண்ணிடு.”

வாட்சைக் கட்டிக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். அவள் தன் கையைத் தன் கையோடு கோத்தாள். முதலில் எப்படிச் செய்தாளோ, அச்சு அசல் அப்படியே.

“அருமை! இப்பத்தான் ரெண்டு பேர் மாதிரி இருக்கு” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பி குடிக்கக் கீழே இறங்கிப் போனார்.

ஃபவுஸ்தோ எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டான். கோட்டு உரசியது. வாட்ச் துடித்தது. மூன்றாவது வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை ஓடவிட்டான். விரலோடு விரல் சேரும் சத்தம், பக்கத்தில் இரண்டு பேரின் மூச்சு. வேறு எதுவும் இல்லை.

“இதுல மோதிரமே கேக்கலையே, சிஞோரா?”

“தெரியும்” என்றாள் எர்சிலியா. “அழிச்சிடு.”