ஈ எறும்பு நுழையாத கூண்டு

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வீராசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வேலியோரம் போய் நின்றார். கையில் ஒரு கூமுட்டை இருந்தது. கண் வைத்தது கன்னியம்மாள்தான் என்பதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

பின்னே? அடை வைத்து இருபத்தைந்து நாள் ஆகிறது. இருபத்தோராம் நாளே கீச்சுக் கீச்சென்று குஞ்சுகள் ஓடியிருக்க வேண்டும். பதினொரு முட்டையில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அடை வைத்த அன்று எட்டிப் பார்த்து, அம்மாடி இம்மாம் முட்டையா என்று வாயைப் பிளந்தவள் சென்னீர்குப்பத்திலேயே இந்தக் கன்னியம்மாள் ஒருத்திதான்.

போனது வீராசாமியின் மானம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாலு கோழிகளின் உயிரும் இதில் தொங்கியது. முல்லைப் பந்தலைப் பிடுங்கிவிட்டு அங்கே கூண்டு வைத்ததை அவர் மனைவி சொர்ணம் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த முறை குஞ்சு பொரிக்காவிட்டால் கூண்டைப் பிரித்துவிட்டு, கோழிகளை மாங்காட்டிலிருக்கும் தன் தம்பி வேம்புலியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சத்தியமே வாங்கியிருந்தாள். வேம்புலி வீட்டில் எந்தக் கோழியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த மகராசன் இன்று சாயங்காலம் சைக்கிளில் கூடையோடு வருகிறான்.

அந்தக் கூண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எண்பத்தேழாம் வருசத் தீபாவளி சமயத்தில், வளர்த்த ஆறு கோழிகளையும் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர் வேலை பார்க்கும் மனிதருக்கு இதைவிட அவமானம் உண்டா? இனி என்னைத் தாண்டி எவன் உள்ளே வருகிறான் பார்க்கிறேன் என்று வீராசாமி அன்றைக்கே சபதம் போட்டார்.

இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, சுண்டுவிரல் நுழையாத கம்பி வலை வைத்தார். பெருச்சாளி தோண்டும் என்று வலையை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கினார். கோழிகள் காலாற நடக்க முன்னால் ஒரு சின்ன முற்றம் விட்டார். பருந்துக்குப் பயந்து அதற்குத் தலைக்கு மேலும் வலை. வீட்டுக் கதவுக்கு ஒரு கொக்கிதான். கூண்டுக்கு இரண்டு பூட்டு, சாவி எப்போதும் அவர் அரைஞாண் கயிற்றில்.

எல்லாம் முடித்த பிறகுதான் பூந்தமல்லிச் சந்தையில் நாலு பெட்டைக் குஞ்சுகளைப் பொறுக்கி வாங்கிவந்து உள்ளே விட்டார். விடிந்ததும் எச்சத்தை வழித்தெடுப்பது, பேன் பிடிக்காமல் சாம்பல் கொட்டி வைப்பது, மாதம் தவறாமல் சுண்ணாம்பு அடிப்பது என்று ஒரு நாள் சோம்பியதில்லை. பூனை, காக்கை, கன்னியம்மாள் வீட்டுச் செவலைச் சேவல் என்று வலையைச் சுற்றி வந்த திருட்டுக் கூட்டத்தை எல்லாம் கல்லெடுத்தே விரட்டினார். பெற்ற பிள்ளைக்கு இதில் கால்வாசி செய்திருப்பாரா என்று சொர்ணம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடை வைத்ததிலும் குறை சொல்ல முடியாது. நல்ல நாள் பார்த்து, ஒற்றைப்படையாக எண்ணி, இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்க இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் கூடையில் போட்டுத்தான் வைத்தார். அப்புறம் கண் திருஷ்டியைத் தவிர வேறென்ன இருக்க முடியும்?

வேலியோரம் நின்று இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கன்னியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கூண்டு என்று ஒன்று இல்லாமலே, கூடையைக் கவிழ்த்து வைத்து இருபது கோழி வளர்ப்பவள் அவள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முட்டையை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சத்தம் கேட்டுச் சொர்ணமும் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"அண்ணாத்தே, இதுங்கள என்னிக்காச்சும் வெளிய மேய உட்டுகீறியா?"

"இன்னாத்துக்கு? கீரி வாயில குடுக்கவா?"

"ஒரு நாளு கூடவா உடல?"

வீராசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு நிமிசம் கூட உடல. குஞ்சுலேருந்து இதுங்க காலு வெளி மண்ணுல பட்டதே கெடையாது. உள்ளயும் ஒண்ணும் வந்தது இல்ல. நம்ம கை வேல அப்டி."

கன்னியம்மாள் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தம்பி வந்தால் ஒரு டீயைக் கொடுத்து வெறுங்கூடையோடு திருப்பி அனுப்பிவிடலாம், பாவம் கோழிகள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள்.

கோழிகள் பிழைத்துக்கொண்டதில் வீராசாமிக்கு உயிர் வந்தது. ஆனால் எதற்குப் பிழைத்தன என்றுதான் விளங்கவில்லை. அப்படியானால் கண் வைத்தது உண்மை என்றுதானே அர்த்தம் என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

கன்னியம்மாள் முட்டையை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கண்ணாலம் ஆவாத பொண்ணுங்கள உள்ள வெச்சிப் பூட்டிகினு, பேரப்புள்ள எங்கன்னு என்னாண்ட வந்து கேட்டா எப்டி அண்ணாத்தே?"