கருகிய அடுப்பு

மாரண்டஹள்ளி தேங்காய்நார் மில்லின் கூரை எரிந்துபோனதால், பகல் வெயில் நேராகச் சாம்பல்மேல் விழுகிறது. இன்சூரன்ஸ் சர்வேயர் கருகிய மண்ணெண்ணெய் அடுப்பொன்றைக் காலால் புரட்டுகிறார். "இது யாருதுங்க?" மில்லின் முதலாளி சுகுணா குனிந்து அடுப்பைப் பார்க்கிறாள். மார்கழிக் குளிருக்குக் காபி வைத்துக்கொள்ளட்டும் என்று வாட்ச்மேன் சவுரியப்பனுக்கு அவளேதான் அதைக் கொடுத்தாள். சொன்னால் இழப்பீடு கிடைக்காது. தீயில் செத்துப்போன சவுரியப்பனின் மனைவி தங்கம்மாள் வாசலில் நிற்கிறாள்; கொடுத்த அன்றைக்கும் கூடவே நின்றவள். "வாட்ச்மேன் கொண்டாந்ததுங்க. எனக்குத் தெரியாம வெச்சிருக்காரு," என்கிறாள் சுகுணா. சர்வேயர் எழுதிக்கொள்கிறார். நனைந்த நார்க்குவியல் இன்னும் புகைகிறது. தங்கம்மாள் உள்ளே வந்து, சுகுணாவின் முகத்தையே பார்த்துக் கேட்கிறாள். "அவரு கொண்டாந்ததுன்னா எங்களுதுதானுங்களே? எடுத்துட்டுப் போகட்டுங்களா?" சுகுணா நிமிராமல் தலையாட்டுகிறாள்.