நிழல்வெட்டு

இரண்டு சூரியன்கள் அருகருகே காயும் கிரகத்தில், ஒரு வீரனின் கையில் ஓர் ஒளிவாள் இருந்தது. அதன் வித்தைக்குப் பெயர் நிழல்வெட்டு. எதிராளியின் நிழலை அறுத்தால் வெற்றி; உடம்பில் கீறல்கூட விழாது. அறுக்கும்முன் நிழலைச் சுற்றிச் சுற்றி வேடிக்கை காட்டுவது வாளின் வழக்கம்.

அன்றும் கூட்டத்தின் நடுவே அப்படித்தான். எதிரே நின்ற பெண்ணின் நிழல் நடுங்கியது.

“சீக்கிரம் வெட்டிடு. ரெண்டு சூரியனும் உச்சிக்கு வருது, நான் சுருங்கிட்டே வரேன்” என்றது நிழல்.

“பயமா?” என்று சிரித்தது வாள்.

“எனக்கென்ன பயம்? நான் மறைஞ்சுட்டா, ஆளையே வெட்டணும்ங்கறதுதானே சட்டம்?”

வாளுக்குக் குப்பென்று வியர்த்தது. பாய்ந்தது. மணல்தான் சிதறியது, நிழல் பாதங்களுக்குள் போய்விட்டது.

“வெட்டு! வெட்டு!” என்று கூட்டம் கத்தியது. வாளைப் பிடித்திருந்த கை ஓங்கியது.

வாள் முதல்முறையாகத் தரையை விட்டு மேலே பார்த்தது. எதிரே அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் இருந்தது.