பின்கண்ணாடி

"சாவியக் குடுங்கப்பா."

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கையை நீட்டினாள் லோஷினி. ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் வரும்வரை இந்த ஒரு வரியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போலிருக்கிறது.

மனோகரன் நிமிரவில்லை. கேரவனுக்குள் தலையை விட்டு, கேஸ் டியூப் முனையில் சோப்பு நுரையைத் தடவி, முட்டை முட்டையாகக் காற்று வருகிறதா என்று மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்ததும் சண்டையா? மொதல்ல தண்ணி குடி."

"தண்ணியெல்லாம் அப்புறம். பக்கத்து வீட்டு மலர் அக்கா போன் பண்ணாங்க. இன்னிக்கு மெர்சிங் கிளம்புறீங்களாமே?"

"மெர்சிங் மட்டுமா? குவாந்தான், திரங்கானு எல்லாந்தான். மார்ச் வந்தாச்சு, அந்தப் பக்கம் மழையும் விட்டாச்சு. இந்தக் காடி வீட்டு வாசல்ல நின்னு துருப்பிடிக்கவா பொறந்துச்சு?"

முப்பது வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர் மனோகரன். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று தன் கையாலேயே வைத்துக் கேரவனாக்கினார். வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் மனைவியோடு கிழக்குக்கரைக்குக் கிளம்பிவிடுவார். போன வருஷம் மட்டும் போகவில்லை. சர்க்கரை அவருடைய இடது கண்ணை முழுசாகவும் வலது கண்ணைப் பாதியாகவும் தின்றுவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னாரு? ஸ்டேரிங்கையே தொடக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு. வீட்டுலயே உக்காந்து சுவத்தப் பாருன்னு சொல்லல."

லோஷினிக்கு அழுகை வரும்போல இருந்தது. அவள் பயந்தது சும்மா இல்லை. இருக்கிற ஒரே அப்பா. லோரிகள் பறக்கிற மெர்சிங் ரோட்டில் அரைக் கண்ணோடு போனால் என்ன ஆகும்? கோபத்தோடு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இது என்ன? சீட்ட இவ்வளவு முன்னால தள்ளி, குஷன் வேற போட்டு வச்சிருக்கீங்க? கிட்ட உக்காந்தா ரோடு தெரிஞ்சிடுமா?"

"தெரியும்லா. குஷன் போட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

"விளையாடாதீங்கப்பா!"

"யாரு விளையாடுறது? போன புதன்கிழமைதான் பாஸாச்சு. மூணு தடவ ஃபெயில், நாலாவது தடவ பாஸ்."

"அலமாக்! இன்ஸ்பெக்‌ஷன்ல மூணு தடவ ஃபெயிலான காடியிலயா போறீங்க?"

மனோகரன் சிரித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய படங்களை எல்லாம் சுரண்டி எடுத்து, துணியால் அழுத்தித் துடைத்தார். கையால் தடவித் தடவி மறுபடியும் துடைத்தார்.

"இப்ப அத எதுக்குத் தேய்க்கிறீங்க?"

"ஒண்ணு ஒட்டணும்."

"முருகன் படமா? அந்த முருகனே வந்து ஓட்டினாத்தான் இந்தக் காடி இன்னிக்கு நகரும்!"

அந்த நேரம் பார்த்து செல்வராணி ஒரு பையோடு வெளியே வந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, புருஷனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே ஊர் சுற்றியவள். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி லோஷினி கேட்டதில்லை.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா!"

"நீ சொல்றதுதான்மா சரி. அப்பா இந்தக் காடிய ஓட்டக்கூடாது. நான் ஓட்ட விடவும் மாட்டேன். முருகன் மேல சத்தியம்."

லோஷினிக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்கு முகம் சுருங்கும் என்று பார்த்தாள். அவரோ ஒன்றுமே நடக்காததுபோல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். இந்த மனுஷனை நம்பவே முடியாது. சட்டென்று குனிந்து, ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில் தொங்கிய சாவியை உருவினாள். கொண்டுபோய் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீங்களே வச்சிக்குங்க. கெஞ்சினாலும் அப்பா கையில மட்டும் குடுக்காதீங்க."

"குடுக்கவே மாட்டேன்மா."

அப்பாடா, ஒரு பிரச்சினை தீர்ந்தது. லோஷினி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அரை டம்ளர்கூட முடிக்கவில்லை, வாசலில் எஞ்சின் உறுமியது.

டம்ளரோடு ஓடி வந்தாள். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம் பழம். இடப்பக்க இருக்கையில் மனோகரன், மடியில் பையை வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பளபளவென்றிருந்த பின்கண்ணாடியில், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்டுகிற சிவப்பு 'பி' நேராக ஒட்டியிருந்தது.

ஓட்டுநர் பக்க ஜன்னலிலிருந்து செல்வராணியின் தலை எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. மூணு தடவையும் நான் ரிவர்ஸ்லதான் ஃபெயிலானேன்."