கடைசியாக இருந்த வீடு

நாடு விட்டு வந்து வெலிங்டனில் வாழும் அமெரிக்கர்களின் கட்சிக் கிளைக் கூட்டம். தலைவி மார்லா ஏழாவது தீர்மானத்தை வாசித்தாள்.

"சொந்த நாட்டில் கடைசியாகக் குடியிருந்த வீட்டு முகவரியில்தான் நாம் ஓட்டுப் போட வேண்டும் என்ற விதியை நீக்க வேண்டும். முன்மொழிபவர் க்ளிஃப்."

"நான் எதிர்க்கிறேன்!" என்றாள் வெர்னா.

மார்லா பெருமூச்சு விட்டாள். இந்த இருவரும் எதில்தான் ஒத்துப்போயிருக்கிறார்கள்? போன மாதம் கடைசி பிஸ்கட் யாருக்கு என்பதற்கே சண்டை.

"அந்த வீட்டை விட்டு இருபது வருஷமாச்சு. இப்ப யார் யாரோ இருக்காங்க. அந்த விலாசம் இன்னும் எதுக்கு என் கழுத்துல தொங்கணும்?" என்றார் க்ளிஃப்.

"தொங்கினா தொங்கட்டுமே! உங்களைக் கடிக்குதா?"

"பாத்தீங்களா தலைவரே, நான் வாயைத் திறந்தாலே இந்தம்மாவுக்குப் பொறுக்காது."

"போதும், ஓட்டுக்கு விட்டுடறேன்" என்று மார்லா உறுப்பினர் பட்டியலைப் புரட்டினாள். புரட்டியவள் நிமிர்ந்தாள்.

"என்ன இது? ஊர்ல உங்க ரெண்டு பேருக்கும் ஒரே விலாசமா?"

க்ளிஃப் தொண்டையைச் செருமினார். "இங்க வந்த பிறகுதான் விவாகரத்து. பதினெட்டு வருஷமாச்சு."

"அந்தச் சேதி ஊர் வாக்காளர் பட்டியலுக்கு இன்னும் போகலை" என்றாள் வெர்னா, யாரையும் பார்க்காமல். "அங்கயாவது ஒரே வீட்ல இருந்துட்டுப் போவோமேன்னு பாத்தேன்."

"தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றாள் மார்லா.

முன்மொழிந்தவரின் கையே உயரவில்லை. இன்றைய கடைசி பிஸ்கட் இருந்த தட்டை அது வெர்னா பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது.