வெட்டிய குழாய்

செலின் இருபது வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறாள். புது கேஸ் ஏற்றுவதற்கு முன் குழாயை வெட்டி, பழைய கேஸைக் காற்றில் விட்டுவிடுவாள். அது வானத்துக்குப் போய், வெயிலை வடிகட்டும் ஓசோன் படலத்தை அரித்துவிடும் என்று போன மாதம்தான் பயிற்சி வகுப்பில் கேட்டாள்.

கடலுக்குப் போகும் கணவன் அருளப்பனுக்குக் கண்ணில் சதை வளர்ந்துவிட்டது. வெயில்தான் காரணம் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து, கட்டுப்போட்ட கண்ணோடு அவளுடைய பழுதுக் கடைக்குள் வந்து உட்கார்ந்தான்.

"இந்த வெயிலுக்கு நா அப்படி என்ன கெடுதல் செஞ்சேன், செலினு?"

பழக்கத்தில் அவள் கை அப்போதுதான் குழாயை வெட்டியிருந்தது. சீறி வந்த கேஸை வலக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

கேஸின் குளிரில் விரல் மரத்து வெளுத்தது.

"சரி, கையப் புடி. வீட்டுக்குப் போவோம்."

அவள் இடக்கையை மட்டும் நீட்டினாள்.